வெள்ளை மண் குடித்த ஊதா

எங்கள் தெருவின் கடைசி வீட்டுச் சுவர் இன்றைக்கும் இளம் ஊதாவாகத்தான் இருக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். மழை வந்தால் சுண்ணாம்பு கரைந்து ஓடுகிறது, ஊதா அப்படியே நிற்கிறது. மலைக்கோயிலுக்குப் போகிற வெளியூர்க்காரர்கள் யாராவது அதென்ன நிறம் என்று கேட்டால், அந்த வீட்டுப் பூக்கார அம்மாள் எங்கள் பட்டறையை நோக்கிக் கையை நீட்டிவிட்டுப் பூவைக் கட்டிக்கொண்டே இருப்பாள். அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். கூடவே பயமாகவும் இருக்கும். இரண்டுக்கும் காரணம் என் மகள்.

எனக்குத் தொழில் சாயப்பட்டறை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ரயில்வேயில் குமாஸ்தா ஆகலாம் என்றிருந்தவன், மாமனார் திடீரென்று படுத்துவிட்டதால் அவருடைய அண்டாக்களுக்கு முன்னால் வந்து நின்றேன். ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் நெசவாளர்கள் வெள்ளை நூலைச் சிட்டம் சிட்டமாக வண்டியில் போட்டு அனுப்புவார்கள். நாங்கள் சாயம் ஏற்றித் திருப்பி அனுப்புவோம். சண்டைக்கு முன்பு ஜெர்மனியிலிருந்து நல்ல சாயம் வந்துகொண்டிருந்தது. சண்டை தொடங்கியதும் அது நின்றுபோயிற்று. பட்டணத்துக் கடைகளில் பழைய சரக்காகக் கிடந்த டப்பாக்கள்தான் மிச்சம்: சிவப்பு, ஊதா, ரோஜா, பச்சை. கண்ணைப் பறிக்கிற நிறங்கள். ஆனால் சிவப்பு தவிர மற்றவை பருத்தி நூலில் தாமாகப் பிடிக்காது. நூலை முதலில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். அப்படியும் பாதிதான் நூலில் ஏறும். மீதி அலசுகிற தண்ணீரோடு போய்விடும்.

அந்தத் தண்ணீர் எங்கள் பின்கட்டிலிருந்து ஒரு சின்ன ஓடை வழியாகத் தெருக்கோடிக்குப் போய், அங்கே பொதுக்கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளத்தில் தேங்கும். நல்ல மழை பெய்த வருஷங்களில் யாருக்கும் அது உறைக்கவில்லை. மழை பொய்த்த அந்த வருஷம் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. சித்திரை மாதத்தில் ஒருநாள் யாரோ இறைத்த குடத்தில் ஊதா தெரிந்தது. முதல் நாள் குடம் சரியாகக் கழுவவில்லை என்றார்கள். அப்புறம் எல்லாக் குடத்திலும் தெரிந்தது.

என் மகள் அப்போது பட்டணத்தில் காலேஜில் இரண்டாம் வருஷம், சயன்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் சொந்தத்தில் பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பியவன் நான் ஒருவன்தான். அனுப்பிய நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. எதிரி விமானத்தில் வந்து குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் பட்டணமே காலியாகத் தொடங்கியபோது, ஹாஸ்டலை மூடி அவர்களையும் அனுப்பிவிட்டார்கள். டிரங்குப் பெட்டியோடு அவள் ஸ்டேஷனில் இறங்கியதைப் பார்த்தபோது, உலகத்தில் யுத்தம் நடப்பதே மறந்து சந்தோஷப்பட்டேன். இனிமேல் என் கண் எதிரில் இருப்பாள் என்று நினைத்தேன். கண் எதிரில் இருந்தால் ஆபத்து வராது என்று நினைக்கிற ஆள் நான். கிணற்றுப் பக்கம் போகாதே, அடுப்புப் பக்கம் முந்தானையைத் தொங்கவிடாதே, அண்டாவில் எட்டிப் பார்க்காதே என்று நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பேன். அவள் "ஆங், நைனா" என்பாள். பிறகு போய் அண்டாவில் எட்டிப் பார்ப்பாள்.

ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் தெருவில் தண்ணீர்ப் பந்தல் போடுவது வழக்கம். சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்தும் காவடி எடுத்து வருகிறவர்கள் எங்கள் தெரு வழியாகத்தான் மலையடிவாரத்துக்குப் போவார்கள். அந்தப் பொதுக்கிணற்றுத் தண்ணீரில் மோர் கலந்து அவர்களுக்குக் கொடுப்போம். அரிசி மண்டி வைத்திருந்த ஒருவர் பந்தலை நடத்திவந்தார். தெருவில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அவரே ஒருநாள் காலையில் என் பட்டறை வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"காவடிக்காரனுக்கு ஊதாத் தண்ணி ஊத்த முடியாதுபா. கிருத்திகைக்குள்ள உன் சாயத்தண்ணி நிக்கணும். இல்லன்னா உன் அடுப்பு நிக்கணும். ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு."

அவர் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. என் வீட்டிலும் அந்தக் கிணற்றுத் தண்ணீர்தானே. ஆனால் அடுப்பு நின்றால் நூல் வராது. நூல் வராவிட்டால், ஹாஸ்டல் மறுபடி திறக்கும்போது என் மகள் இங்கேயே இருக்க வேண்டியதுதான். அதைத்தான் முதலில் நினைத்தேன். என்னிடம் வேலை செய்த ஆட்களைக்கூட அதற்கு அப்புறம்தான் நினைத்தேன்.

அந்த வாரத்தில்தான் சுவர் விவகாரம் வந்தது.

எங்கள் ஓடை போகிற வழியில் ஒரு கரை முழுக்க வெள்ளை மண். கைக்கு வழவழப்பாக இருக்கும், நாமக்கட்டி மாதிரி. தெருப் பெண்கள் அதை வெட்டிக் கரைத்துச் சுவருக்குப் பூசுவார்கள். கிருத்திகைக்கு உறவுகள் வரப்போகிறார்கள் என்று பூக்கார அம்மாளும் ஒரு கூடை வெட்டிப் போய் வீட்டு முன்சுவர் முழுக்கப் பூசியிருக்கிறாள். ஈரத்தில் எல்லா மண்ணும் கருப்பாகத்தான் தெரியும். வெயிலில் காய்ந்தபோது சுவர் ஊதாவாக இருந்தது. கையில் மண்கூடையோடு அவள் பட்டறைக்குள் நுழைந்தபோது, வேலை செய்துகொண்டிருந்த ஆட்கள் எல்லாரும் ஏதோ வேலை இருப்பதுபோல நூலைப் பிழிய ஆரம்பித்தார்கள்.

"இன்னா சாயக்காரரே, நூலுக்குப் போட்டது பத்தலன்னு என் செவுத்துக்கும் போட்டுட்டீங்களா? என் சம்பந்தி வந்தா கல்யாண வூடா, கூத்துக் கொட்டாயான்னு கேப்பா. நான் இன்னா சொல்றது?"

நான் மன்னிப்பாகவும் சமாதானமாகவும் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகள் ஒரு குடம் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு அந்த அம்மாளோடு போனாள். தேய்த்துக் கழுவிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வெகுநேரம் கழித்து வந்தாள். புடவை முழுக்கச் சேறு. கையில் ஒரு டம்ளரில் சுவர் கழுவிய தண்ணீர். அதில் ஊதா மண் அடியில் படிந்திருந்தது. மேலே தண்ணீர் பால் கலந்தாற்போல இருந்ததே தவிர ஊதாவாக இல்லை.

"நைனா, மண்ணு கரையுது. சாயம் கரையல" என்றாள்.

எனக்கு அது புரியவில்லை. சுவர் சுத்தமாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றாள், சந்தோஷமாக.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் காபி குடிக்க டம்ளர் இல்லாமல் போயிற்று. எல்லாம் பின்சுவர் ஓரமாக வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அலசின தண்ணீர். ஒன்றில் வெள்ளை மண் கட்டியாக, ஒன்றில் இடித்துப் பொடியாக, ஒன்றில் மணல், ஒன்றில் செம்மண், ஒன்றில் அடுப்புச் சாம்பல். அவளுக்கு வேண்டிய கண்ணாடிச் சாமான்களும் தராசும் பட்டணத்தில் பூட்டிக் கிடந்தன. என் மனைவியின் அரிசி சலிக்கிற சல்லடையும் அம்மிக்கல்லும் அவற்றுக்குப் பதில் வந்தன. இடித்துச் சலித்த வெள்ளை மண்ணைப் போட்டுக் கோலால் கலக்கினால், கொஞ்ச நேரத்தில் ஊதா முழுவதும் மண்ணோடு அடிக்குப் போய்விடும். கட்டியாகப் போட்டால் அவ்வளவு போகாது. மணல் எதையும் தொடவில்லை.

ஏன் என்று கேட்டேன். அவள் எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சொன்னாள். டப்பாச் சாயம் வெறும் பருத்தியில் நிற்காது, கடுக்காய் போட்டால் கடுக்காயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது அல்லவா, அதுபோல இந்த மண்ணையும் பிடித்துக்கொள்கிறது. மண்ணுக்குள்ளே ஊறிப் போவதில்லை, மேல்பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. கட்டியை இடித்துப் பொடியாக்கினால் மேல்பக்கம் பெருகுகிறது, அதனால் நிறைய ஒட்டுகிறது. எல்லா இடமும் நிரம்பிவிட்டால் அதற்குமேல் அந்த மண் எடுக்காது, புது மண் போட வேண்டும். நான் இத்தனை வருஷமாக நூலுக்குச் சாயம் ஏற்றியவன். மண்ணுக்கும் சாயம் ஏற்றலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அதை அவளிடம் காட்டவில்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று மட்டும் சொன்னேன்.

கழுவியும் போகவில்லை. பள்ளிப்பட்டிலிருந்து என் தங்கை வந்தவள், பெண்ணின் நகமெல்லாம் ஊதாவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, காலேஜில் இதுதான் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேட்டாள். யாராவது பெண் பார்க்க வந்தால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள். என் மகள் சிரித்துக்கொண்டு, "மாப்பிள்ள கையும் பாத்துட்டு அப்புறம் சொல்லலாம் அத்த" என்றாள். தங்கைக்குக் கோபம். எனக்கும் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

டம்ளரில் நடந்தது தொட்டியில் உடனே நடந்துவிடவில்லை. முதலில் உடைந்த சால் பானையில் கூழாங்கல், அதன்மேல் மணல், அதன்மேல் வெள்ளை மண் என்று அடுக்கி, தண்ணீர் அதன் வழியாக இறங்கட்டும் என்று பார்த்தாள். களிமண் ஈரம் பட்டதும் இறுகிக்கொண்டு மூடி போட்டாற்போல ஆகிவிட்டது. ஒரு சொட்டு இறங்கவில்லை, எல்லாம் மேலே வழிந்து என் மனைவியின் கீரைப் பாத்திக்குள் ஓடியது. பிறகு டம்ளரில் செய்தது போலவே பெரிய சிமெண்டுத் தொட்டியில் தண்ணீரை நிறுத்தி, மண்பொடியைத் தூவி, நூல் புரட்டுகிற கழியால் ஆட்கள் கலக்கினார்கள். ஊதா போயிற்று, ஆனால் தண்ணீர் பாலாகவே நின்றது. பொழுது விடிந்தும் தெளியவில்லை. என் மனைவி குடிதண்ணீர் தெளிவதற்குப் பானையில் எப்போதும் செய்கிற மாதிரி ஒரு தேத்தாங்கொட்டையைக் கல்லில் இழைத்து அந்தத் தொட்டியிலும் கலக்கினாள். இனியாவது என் டம்ளரையெல்லாம் திருப்பிக் கொடு என்பதற்காகச் செய்தேன் என்றாள். மறுநாள் காலை தொட்டியின் அடியில் கிடந்த சிமெண்டுப் பூச்சு தெரிகிற அளவுக்குத் தெளிந்திருந்தது.

சிவப்பு மட்டும் பணியவில்லை. கல்யாணப் புடவைக்கான சிவப்பு வேறு சாதிச் சாயம், கடுக்காய் இல்லாமலே நூலில் நிற்பது. அது வெள்ளை மண்ணை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. புளித்தண்ணீர் விட்டுப் பார்த்தாள். சிவப்பு போகாமல் நீலக்கறுப்பாக மாறிவிட்டது. ஆட்கள் பயந்துபோய் எட்டி நின்றார்கள். செம்மண்ணைப் போட்டபோது கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. கடைசியில், இதற்கு வழி தெரியும்வரை சிவப்பு வேண்டாம் நைனா என்றாள். எங்கள் பட்டறையில் அதிகம் போவதே சிவப்புதான். ஆனாலும் நிறுத்தினேன். பள்ளிப்பட்டு நெசவாளர்களில் சிலர் நூலை வேறிடத்துக்கு எடுத்துப்போனார்கள். ஊதாவும் பச்சையும் ரோஜாவும், வெற்றிலையோடு போடுகிற காசுக்கட்டியில் காய்ச்சிய பழுப்பும் மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டினோம்.

ஆடி பிறந்தது. தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது, வந்து பார்க்கட்டும் என்று பந்தல்காரருக்குச் சொல்லியனுப்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் வந்தார், கூடவே தெருவே வந்தது. பூக்கார அம்மாள் வந்தாள். ஸ்டேஷனிலிருந்து கடைவீதிக்கு மாட்டுவண்டியில் சரக்கு ஏற்றுகிற பாய் வந்தார். அவர் வீடும் அதே கிணற்றை நம்பித்தான் இருந்தது. என் மகள் ஒரு பக்கம் அலசின தண்ணீரை ஒரு வாளியிலும், மறுபக்கம் தொட்டித் தண்ணீரை ஒரு வாளியிலும் மொண்டு வைத்தாள். ஒரு குழந்தை ஊதா வாளியில் கையை விட்டுவிட்டு அடி வாங்கிற்று.

"அய்யோ, இத்தினி நாளா என் செவுத்த வெச்சித்தான் கண்டுபிடிச்சியா?" என்று பூக்கார அம்மாள் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிர் வந்தது.

பந்தல்காரர் சிரிக்கவில்லை. அவர் ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். எங்கள் தெருவில் ஒருவர் பேச்சில் சந்தேகம் வந்தால், மலைமேல் சாமிக்குச் சாத்திய சந்தனத்தைத் தண்ணீரில் கரைத்து எல்லார் எதிரிலும் குடிக்கச் சொல்வார்கள். எல்லை வழக்கிலிருந்து பால் அளவு வரை அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. அந்தச் சந்தனம் நோய்க்கும் மருந்து, வாய்க்கும் பூட்டு. பொய் சொல்லிவிட்டு அதைக் குடிக்க யாருக்கும் நெஞ்சுரம் கிடையாது. அவர் மடியிலிருந்து ஒரு சின்ன வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தார். சந்தன உருண்டையை எங்கள் வெண்கல டம்ளரில் போட்டார். தெளிந்த வாளியில் மொண்டு ஊற்றித் தம் விரலாலேயே கலக்கினார்.

"இத்தக் குடிச்சிடு. குடிச்சிட்டீன்னா உன் தண்ணி நல்ல தண்ணி. அதுக்கு மேல நான் ஒண்ணும் பேச மாட்டேன்."

நான் அதை வாங்கினேன். ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கையில் சந்தன வாசனை. வாளியில் மிச்சத் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. என் பட்டறை, என் ஆட்கள், என் மகளின் படிப்பு எல்லாம் ஒரு மடக்கில் இருந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு டம்ளரை உயர்த்தினேன்.

என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. ஊதா நகங்கள்.

"வேணா நைனா" என்றாள்.

சந்தனத்தைத் தடுப்பதா என்று கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்தது. என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நானும் பதறிப்போய், விடும்மா, சாமி விஷயம் என்று கெஞ்சினேன். அவள் விடவில்லை. குழந்தையாக இருந்தபோது ரயில் ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொள்வாளே, அந்தப் பிடி.

பந்தல்காரர் மெதுவாகக் கேட்டார். "அப்போ உன் தண்ணிமேல உனக்கே நம்பிக்க இல்ல. அப்படித்தானே?"

அவள் நேராக அவரைப் பார்த்துப் பதில் சொன்னாள். பெண்பிள்ளை அப்படி நின்று பேசுவதை அந்தத் தெரு அதற்குமுன் பார்த்ததில்லை.

"நெறம் போயிடுச்சிங்க. அது எனக்குத் தெரியும், நீங்களும் பாத்தீங்க. நெறம் இல்லாம அதுல இன்னா இருக்குன்னு எனக்குத் தெரியாது. தெரியாதத எங்க நைனா வாயில ஊத்த மாட்டேன், உங்க வாயிலயும் ஊத்த மாட்டேன். சந்தனத்த நல்ல தண்ணியில கரைங்க. நானே குடிச்சி சத்தியம் பண்றேன். சாயம் போயிடுச்சின்னு பண்றேன். குடிக்கலாம்னு பண்ண மாட்டேன்."

நான் என் தொழில் போயிற்று என்று நினைத்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். இவள் ஏன் இப்படிச் செய்தாள் என்று உள்ளுக்குள் ஆத்திரமாகவும் இருந்தது. என் மனைவி உள்ளே போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அதற்கு முந்தைய நாள் ஸ்டேஷன் பக்கத்துச் சத்திரத்துக் கிணற்றிலிருந்து எடுத்து வந்த தண்ணீர். பந்தல்காரர் என்னிடமிருந்து டம்ளரை வாங்கி அந்தத் தண்ணீரைச் சந்தனத்தோடு வாழைமரத்தின் அடியில் ஊற்றிவிட்டு, பொட்டலத்தில் ஒட்டியிருந்த மிச்சத்தை வழித்துப் புதிதாகக் கரைத்துக் கொடுத்தார். என் மகள் குடித்தாள். சொன்னபடியே சத்தியம் செய்தாள், ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார்.

"குடிக்காதேன்னு சொல்ற ஆளு சொல்றத நம்பலாம்பா. குடிக்கச் சொல்றவனத்தான் நான் சந்தேகப்படுவேன். குடிக்கிறதுக்கு இல்லன்னா கெணத்துப் பக்கம் இன்னாத்துக்கு விடணும்? மேற்கால வெறுங்காடு கெடக்குதே, அந்தாண்ட திருப்பி வுடு. பந்தலுக்குத் தண்ணி நான் வண்டியில இட்டாந்து ஊத்தறேன்."

அதன்பின் பேச்சு வாய்க்கால் வெட்டுவதைப் பற்றியதாகிவிட்டது. எந்தப் பக்கம் சரிவு, யார் மண்வெட்டி கொடுப்பது, கிணற்றை எப்போது இறைத்துச் சேறு எடுப்பது. என் அடுப்பு நிற்க வேண்டியதில்லை என்று யாரும் வாயால் சொல்லவில்லை. வாய்க்கால் வெட்டலாம் என்றால் அதற்கு அதுதானே அர்த்தம். சாயம் மண்ணில் இறங்கிய பிறகுதான் தண்ணீர் வெளியே போக வேண்டும், அதுவும் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது என்று முடிவாயிற்று. பந்தல்காரர் போகும்போது என் மகளிடம் மட்டும், வரேன்மா என்று சொல்லிக்கொண்டு போனார்.

கதை அதோடு முடிந்திருந்தால் அந்தச் சுவரைப் பார்த்து நான் இன்று பயப்பட வேண்டியதில்லை.

அன்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள், இந்த வாரம் டப்பாச் சாயம் தவிர வேறு என்ன போட்டோம் என்று. காசுக்கட்டிப் பழுப்பு என்றேன், ஆர்.கே.பேட்டைக்காரருக்கு. அது நிற்பதற்கு என்ன போடுவீர்கள் என்றாள். சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. மயில்துத்தம். செம்பு கலந்த நீல உப்பு. தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், அது விஷம். அந்த நூலை அலசின தண்ணீரும் எல்லாத் தண்ணீரையும் போல அதே தொட்டிக்குத்தான் வந்திருந்தது.

அவள் எழுந்து போய் ஒரு இரும்பு ஆணியை மணலால் பளபளவென்று தேய்த்து, வாளியில் மீந்திருந்த தெளிந்த தண்ணீரில் போட்டு வைத்தாள். மறுநாள் காலை அதை எடுத்துத் தட்டில் வைத்தபோது, ஆணிமேல் மெல்லிசாகச் செம்பு பூத்திருந்தது. புதுச் செம்புக் குடத்தின் நிறம். அத்தனை தெளிவாக இருந்த தண்ணீரிலிருந்து.

எவ்வளவு இருந்தது, ஒரு டம்ளர் என்ன செய்திருக்கும் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. நான் குடித்திருந்தால், தெருவும் நம்பிக் குடித்திருக்கும். அந்த ஊதா வாளியில் கை விட்ட குழந்தை குடித்திருக்கும். காவடிக்காரர்கள் குடித்திருப்பார்கள். இதைத்தான் இன்றைக்கும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடிவதில்லை. பாதியில் எழுந்து போய் வேறு வேலை பார்க்கிறேன்.

ஆனால் அதற்கும் மேலாக நான் நினைத்துக்கொள்வது இன்னொன்று. என் கையைப் பிடித்தபோது மயில்துத்தம் அவளுக்குத் தெரியாது. தெரிந்து தடுப்பது யாராலும் முடியும். தனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை ஒரு தெரு முழுக்க எதிரில் நின்று, சாமி சந்தனத்துக்கு முன்னால், தகப்பன் தொழில் போனாலும் போகட்டும் என்று சொன்னாள். காலேஜில் இதைச் சொல்லிக் கொடுத்தார்களோ, பிறவியிலேயே இருந்ததோ தெரியாது. எதுவானாலும் என் வீட்டுப் பெண்.

ஆணியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போய்ப் பந்தல்காரரிடம் காட்டினேன். அவர் அதை விரலால் சுரண்டிப் பார்த்தார். பிறகு, நான்தானே கலக்கிக் கொடுத்தேன் என்றார். நான்தானே வாங்கினேன் என்றேன். இருவரும் அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை. மயில்துத்தம் போடுகிற பழுப்பை நான் நிறுத்திவிட்டேன். தொட்டி அடியில் சேர்ந்த ஊதாச் சேற்றை ஒரு குழியில் போட்டு மூடினோம். கொஞ்சம் வேண்டும் என்று பூக்கார அம்மாள் கேட்டு வாங்கிப் போனாள். ஒரு சுவர் ஊதாவாக இருந்தால் தப்பு, நாலு சுவரும் இருந்தால் அழகு என்றாள். கையில் படாமல் பூசச் சொல்லி என் மகள் அனுப்பினாள். மற்ற மூன்று சுவரையும் பிற்பாடு இடித்துக் கட்டிவிட்டார்கள், முன்சுவர் மட்டும் நிற்கிறது.

ஹாஸ்டல் மறுபடி திறந்தபோது அவளை ரயிலேற்றினேன். படிப்பை முடித்தாள். இப்போது பட்டணத்தில் அதே காலேஜில் பெண்பிள்ளைகளுக்குச் சோதனைக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். சிவப்புக்கு வழி கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். செம்மண்ணைச் சுட்டுப் பார்க்கிறாளாம். போன முறை வந்தபோது மலையடிவாரத்திலிருந்து ஒரு பை நிறைய எடுத்துப் போனாள். நானே ஸ்டேஷன்வரை தூக்கிக்கொண்டு போனேன். ரயில் நகரும்வரை கம்பியைப் பிடிக்காதே, ஜன்னலில் தலையை நீட்டாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷக் கிருத்திகையன்று பாய் விடியும்முன்பே சத்திரத்துக் கிணற்றிலிருந்து பீப்பாய்களில் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். பூக்காவடிகள் வரத் தொடங்கின. தெலுங்கிலும் தமிழிலும் அரோகரா எழும்பிற்று. பந்தலில் மோர் கலக்கும்முன் முதல் குவளைத் தண்ணீரைப் பந்தல்காரர்தான் குடிப்பது வழக்கம். அவர் குவளையில் மொண்டு வாயருகே கொண்டுபோனவர், நிறுத்தினார். பந்தலின் மறுகோடியில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார்.

அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். பீப்பாயில் எட்டிப் பார்த்தாள். எங்கே இறைத்தது, பீப்பாயில் முன்னால் என்ன இருந்தது என்று பாயிடம் கேட்டாள். நல்லெண்ணெய் என்றார் பாய், வெந்நீர் ஊற்றிக் கழுவியதாகவும் சொன்னார். அவள் கொஞ்சம் கையில் ஊற்றி முதலில் தானே குடித்தாள். பிறகு தலையசைத்தாள்.

அதன்பின்தான் அவர் குடித்தார்.